சீழ்க்கைக்குப் பதில்

ஹெட்போனுக்குள் யாரோ சீழ்க்கை அடித்தார்கள்.

சுன்னிவா மூச்சை அடக்கிக்கொண்டாள். சூரியன் தலைகாட்டாத மாதம். நண்பகலிலும், மலைகளுக்கிடையே நுழைந்த ஃபியோர்டுக் கடலின் மேல் சாம்பல் நீலம் மட்டுமே படிந்து கிடக்க, ஹெர்ரிங் மீனின் எண்ணெய் வாடையும் இப்போதுதான் அணைத்த எஞ்சினின் டீசல் நெடியும் கலந்த குளிரில், கொலைத் திமிங்கிலங்களின் கறுத்த முதுகுத் துடுப்புகள் எழுந்து, பெருமூச்சு விட்டு, அமிழ்ந்துகொண்டிருந்தன. தண்ணீருக்குள் இறக்கியிருந்த ஒலிவாங்கி அவற்றின் கீச்சொலிகளை அவள் காதுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பேச்சு. எல்லாம் அவளுக்குப் பழக்கம்.

இந்தச் சீழ்க்கையும் பழக்கம்தான். அவள் கணவன் எய்லெர்ட் பசியோடு கரையேறும்போது அவளுக்கு அடிப்பது.

படகில் சீழ்க்கை அடித்தால் புயல் வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். எய்லெர்ட் மட்டும் சிரித்துக்கொண்டே திமிங்கிலங்களைப் பார்த்து அடிப்பான். போன குளிர்காலத்தில் இங்கேதான் அவன் படகு கவிழ்ந்தது. அதன் அடியிலிருந்து அவனை இழுத்தெடுத்தவன் அவன் தம்பி தூர்கெயிர். விழுந்த நொடியே உயிர் போயிருக்கும் என்று அவன் சொன்னான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் உறங்கினாள்.

சுக்கானருகே நின்ற தூர்கெயிர் கேட்டான்: "என்ன சொல்லுதுங்க அண்ணி? உங்க மீன் சூப்புல உப்பு பத்தலையாமா?"

"உங்க அண்ணன் மாதிரியே சீழ்க்கை அடிக்குது."

அவன் சிரிப்பு நின்றது. "பதில் மட்டும் குடுத்துடாதீங்க. கெளம்பலாம்."

அதற்குள் அவள் உதடு குவிந்துவிட்டது. அடித்துவிட்டாள்.

கீச்சொலிகள் நின்றன. எல்லாம், ஒரே சமயத்தில். துடுப்புகள் இல்லை. நீர் அசையவில்லை.

காதுக்குள் மறுபடியும் சீழ்க்கை. மிக அருகில். பிறகு, தட். தட். தட்.

பலகையில் விரல் முட்டி மோதும் ஓசை. போன குளிர்காலத்தில் கவிழ்ந்த அந்தப் படகின் உள்ளிருந்து. சீழ்க்கை, மெலிந்து. தட். வெறும் காற்று. தட். நெடுநேரம்.

"நொடியில போயிருப்பார்னு சொன்னியே."

தூர்கெயிர் அவளைப் பார்க்கவில்லை. "எடுத்தப்போ அண்ணன் விரல் முட்டியில தோலே இல்ல, அண்ணி."

அவள் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

ஓசை நிற்கவில்லை. காலுக்குக் கீழே. அடிப்பலகையில்.

தட். தட். தட்.

படகைச் சுற்றிலும் திமிங்கிலங்களின் கறுத்த தலைகள் நீருக்கு மேல் நிமிர்ந்து நின்றன. ஒன்றும் அசையவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்தன.