ஆடிக்கொண்டிருந்த முள்

தராசு முள் நிற்கவில்லை.

ஹம்ப்ரி கிராஸ்வெய்ட் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். தட்டில் சிட்டிகை வெடிமருந்து. முள் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. எதிரே ஒருவர் மூச்சு விட்டாலே ஆடிவிடுகிற தராசு அது. தன் மூச்சுதான் என்று தீர்மானித்து நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மலையில் மான் வேட்டை. அந்த ஊர்ப் பிரபுவின் விருந்தாளிகள் முன்னால் அவர் தூக்கப்போவது யானை சுடுவதற்கென்று செய்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. மான் அதைப் பார்த்தே விழுந்துவிடும் என்று ஊரில் பேச்சு. அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. பித்தளைக் கூடுகளில் மருந்தை அவரே அளந்து நிரப்பவேண்டும். அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் குழல் வெடித்து முகமே போய்விடும்.

"எங்க கர்னல் தாத்தா கென்யாவுல வெச்சிருந்தது" என்று அவர் சொல்லாத ஆள் ஸ்காட்லாந்தில் பாக்கியில்லை. உண்மையில் எடுத்தது ஏலத்தில். துப்பாக்கிக் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் இருந்த வேறு யாருடைய பெயரையோ சுரண்டிவிட்டு, தாத்தா பெயரைப் பொறிக்க வைத்திருந்தார்.

மனைவி ஃபிலிப்பா கதவு வழியே தலையை நீட்டினாள்.

"கர்னல் தாத்தா சௌக்கியமா?"

"உள்ள வராதே. தராசு ஆடும்."

"உன் தாத்தா லீட்ஸ்ல சோப்பு வித்தவர், ஹம்ப்ரி. துப்பாக்கியோட நிஜச் சொந்தக்காரனே நேர்ல வந்து கேட்டா என்ன பண்ணுவே? ரெண்டு கட்டி சோப்பு குடுப்பியா?"

"செத்துப்போனவன் எப்படிடீ வருவான்?"

"சரி, சரி. நான் பிரபு வீட்டுக்குக் கிளம்பறேன். ஷெர்ரி ஒயின் தீர்றதுக்குள்ள வந்து சேரு."

அவள் கார் சரளைக்கல்லை நொறுக்கிக்கொண்டு போய், அந்தச் சத்தமும் மூடுபனியில் கரைந்த பிறகு, வீட்டில் கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டுவதும், எங்கோ ஒரு மரப்பலகை குளிரில் முனகுவதும், அவர் புகைக்காத புகையிலையின் வாசனையும், நனைந்த கம்பளியின் வாசனையும் மட்டும் மிஞ்சின.

பழைய வீடு, காற்று நுழைகிறது என்று கட்டியவர்களைத் திட்டினார். ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் துணி திணித்தார். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார். சுடர் ஊசிபோல நின்றது. காற்றே இல்லை.

உட்கார்ந்து, இரண்டு கன்னமும் உப்ப மூச்சை அடக்கினார்.

முள் ஏறியது.

இறங்கியது.

ஏறியது. தூங்குகிறவன் மார்பைப்போல, அவசரமே இல்லாமல்.

தாங்க முடியாமல் மூச்சை விட்டார். எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் நாளை என்ன சொல்வது? கர்னலின் பேரன் தராசைக் கண்டு பயந்தான் என்றா? கையை, முடித்த தோட்டாக்கள் நிற்கும் மரக்கட்டையின் பக்கம் நீட்டினார்.

சற்றுமுன் அவர் நிரப்பி வைத்த இரண்டு குழிகள் காலி.

இரண்டு குழலுக்கு இரண்டு.

முதுகுக்குப் பின்னால், துப்பாக்கி மாட்டியிருந்த சுவரோரம், தோட்டா போட்டு முடித்ததுபோல, எண்ணெய் போட்ட இரும்பு இரும்போடு பொருந்தி மூடிக்கொண்டது. கனமாக. நிதானமாக.

"அந்தப் பேரை..." என்றார் ஹம்ப்ரி. "திரும்பப் போட்டுடறேன். நாளைக்கே..."

புகையிலை வாசனை பிடரியில் சூடாகப் பட்டது. முள் ஏறியது. இறங்கியது. அவர் திரும்பவில்லை. கண் இமைக்காமல் முள்ளையே பார்த்தார். ஆடட்டும். ஆடிக்கொண்டே இருக்கட்டும். குறிபார்த்து விசையை இழுக்கப்போகிறவன்தான் மூச்சை நிறுத்துவான்.

ஏறியது.

பாதியில் நின்றது.