விருந்தாளி யார்?

திங்கட்கிழமை, காலை 7.40. நட்புச் சங்கத்தின் பீரோ திறந்து கிடப்பதைப் பெருக்க வந்தவர் பார்த்தார். பூட்டு உடையவில்லை, சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். கேரம் போர்டு, கிழிந்த பேனர், போன வருடத்துக் கேடயம் எல்லாம் அப்படியே இருந்தன. விருந்துப் பதிவேடு மட்டும் இல்லை.

நட்புச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதாயிரம் பேர் படிக்கிற அரசுப் பல்கலைக்கழகம் அது. வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகள் தனியாகக் கிடந்து வாடக் கூடாதாம். உள்ளூர் மாணவர்கள் அவர்களை வாரக் கடைசியில் வீட்டுக்கு அழைத்துப் போய் விருந்து வைக்க வேண்டுமாம். போய் வந்தவர் பதிவேட்டில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு ஒரு தலைவர் வேறு. மேடையேறினால் ‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று தொண்டை கம்மப் பேசுவார். இந்த வருடம் தானே முப்பத்தோரு பேருக்கு விருந்து வைத்ததாக அறிக்கை கொடுத்திருந்தார். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

நடப்பு என்ன? வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரு வார அழுக்கை மூட்டை கட்டிக்கொண்டு அம்மாவிடம் ஓடுவார்கள். திங்கட்கிழமை அதே பையில் தேய்த்து மடித்த துணியோடு திரும்புவார்கள். இருபது வயதுத் தடியர்கள்! விடுதியில் மிஞ்சுவது வெளிமாநிலத்தார் மட்டும். மெஸ்ஸைப் பூட்டிவிடுவார்கள். இவர்களுக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான். அத்தனை பேருக்கும் உள்ளூரார் வைத்திருந்த பெயர் ஒன்றே: வெளியூர். ‘ஏய் வெளியூர், கொஞ்சம் நகரு’ என்றால் நகர வேண்டும்.

அந்த ‘வெளியூர்’களில் ஒருத்தி, தாவரவியல் இரண்டாம் வருடம், வெள்ளிக்கிழமை காலை வார்டனிடம் ஒரு மனு கொடுத்தாள். தன்னை இதுவரை யாரும் எங்கும் அழைத்ததில்லை, விருந்துக்குப் போன ஒருவரைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாள். அன்று மதியத்தோடு வார விடுமுறை வேறு. வார்டன், சங்கத்திலுள்ள வெளிமாநில மாணவர் பட்டியல் உட்பட எல்லாக் கோப்புகளையும் உள்ளே வைத்து, மதியமே அலுவலகத்தைப் பூட்டினார். “திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவேட்டைப் பாக்கறேன்” என்று தலைவரிடமும் அவளிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

காலை 8.15. வார்டன் அறை. எதிரே வளாகப் பாதுகாப்பு அதிகாரி நின்றார். போலீசில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் ஏட்டம்மா.

“பீரோவுக்கு ரெண்டு சாவி” என்றார் வார்டன். “ஒண்ணு தலைவர்கிட்ட. அவர் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போயிட்டு இன்னிக்கு ஏழே காலுக்குத்தான் வந்தார். கேட் நோட்டுல ரெண்டு கையெழுத்தும் இருக்கு. இன்னொண்ணு கேட்ல தொங்கற சாவி. சனிக்கிழமை அதை வாங்கினது அந்தப் பொண்ணு. வேற என்ன வேணும்?”

“அவ ஏன் சார் எடுக்கணும்?”

“பொய்ப் புகார். பதிவேட்டுல அவ கையெழுத்தே இருந்திருக்கும், மாட்டிக்குவோம்னு தூக்கிட்டா. பதினோரு மணிக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் அடிச்சாச்சு.”

விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பு! ஏட்டம்மா வெளியே வந்தார்.

8.40. ஆண், பெண் இரண்டு விடுதிக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை. இரண்டு மெஷின்களில் ஒன்று ரிப்பேர். மற்றொன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாளியோடு அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“பேரு?”

சொன்னாள். ஏட்டம்மா நோட்டில் எழுதி, “சரியா இருக்கா பாரு” என்று காட்டினார். அவள் ஆச்சரியமாகப் பார்த்துத் தலையாட்டினாள்.

“சனிக்கிழமை சாவி எதுக்கு?”

“கேரம் போர்டு எடுக்க. நாலு பேர் இருந்தோம். சாயங்காலமே பூட்டிக் கொடுத்துட்டேன்.”

“பதிவேடு?”

“மேல் தட்டுல இருந்துச்சு. நான் தொடலை. திங்கட்கிழமை எல்லாரும் பாக்கட்டும்னு விட்டுட்டேன்.” வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஊருக்கு ரெண்டு நாள் ரயில் மேடம். அதுவும் வியாழக்கிழமைதான். அதுவரைக்கும் எங்க போவேன்? திருடின்னு துரத்திட்டாங்கன்னு வீட்டுல எப்படிச் சொல்லுவேன்? துணியையாவது துவைச்சு எடுத்துட்டுப் போலாம்னா மெஷினும் கிடைக்கலை. தலைவர் அவர் துணியைப் போட்டுட்டார். பத்து மணிக்கு மீட்டிங்காம், என்னை அப்புறம் போட்டுக்கச் சொன்னார்.”

மெஷின் நின்றது. ஏட்டம்மா மூடியைத் திறந்து உள்ளே இருந்ததை எண்ணினார். எட்டுச் சட்டை. மூடிவிட்டு நடந்தார்.

9.05. தலைவர் அறை. குப்பைக் கூடையில் ரொட்டி உறைகள், கறுத்துப்போன வாழைப்பழத் தோல்கள்.

“ஊர்ல எல்லாரும் சௌக்கியமா தம்பி?”

“ரொம்ப சௌக்கியம் மேடம். அம்மா விடவே மாட்டேன்னாங்க.”

“மூணு நாளும் வீட்டுலயே?”

“வீட்டுலயேதான். சாவியும் என்கூடவே இருந்துச்சு. பாவம் மேடம் அந்த வெளியூர். நம்ம குடும்பத்துல ஒருத்தி. கேஸ் எல்லாம் வேண்டாம், மன்னிச்சு அனுப்பிடலாம்.”

“அவ பேரு என்ன தம்பி?”

“அது... டிபார்ட்மெண்ட்ல கேட்டா சொல்லுவாங்க மேடம்.”

10.00. வார்டன் அறையில் தலைவர், அந்தப் பெண் உட்பட நாலு பேரும் கூடினார்கள்.

“எடுத்தது தலைவர்தான் சார்” என்றார் ஏட்டம்மா.

“ஊர்ல இருந்தவர் எப்படி எடுப்பார்? ஆதாரம்?”

“அழுக்குத் துணி. இங்க எத்தனை வருஷமா சார் இருக்கீங்க?”

“பன்னிரண்டு.”

“அம்மா வீட்டுக்குப் போய் வந்த பையன் எவனாவது திங்கட்கிழமை காலைல மெஷின் முன்னாடி நின்னு பாத்திருக்கீங்களா?”

வார்டன் யோசித்தார். பார்த்ததில்லை.

“எட்டுச் சட்டை சார். ஒரு வார அழுக்கு, மேல மூணு நாள் அழுக்கு. விடவே மாட்டேன்னு சொன்ன அம்மா ஒரு சட்டையைக்கூடத் துவைக்கலையா?”

“அம்மாவுக்கு உடம்பு சரியில்லை!” என்றார் தலைவர்.

“காலைல சௌக்கியம்னே. சரி, கேட்டுடலாம். அம்மா நம்பர் சொல்லு.”

தலைவர் வாயைத் திறக்கவில்லை. அதிசயம்தான்.

“வெள்ளிக்கிழமை கேட்ல கையெழுத்துப் போட்டுட்டு, மெஸ்ஸுக்குப் பின்னால இருக்கற சந்து வழியாத் திரும்பி வந்தான். கதவைச் சாத்திக்கிட்டு ரொட்டியைத் தின்னுட்டுக் கிடந்தான். சனிக்கிழமை இவ பூட்டிட்டுப் போனப்புறம் தன் சாவியைப் போட்டுப் பதிவேட்டை எடுத்தான். இன்னிக்குக் காலைல அதே வழியா வெளிய போய், கேட் வழியா வந்து கையெழுத்துப் போட்டான். மீட்டிங்குக்குப் போட்டுக்கச் சுத்தமா ஒரு சட்டை இல்லை. மாட்டிக்கிட்டான்.”

ஏட்டம்மா சொல்லி அனுப்பியிருந்த காவலாளி தலைவரின் பயணப் பையைக் கொண்டு வந்து வைத்தார். அடியில், துண்டில் சுற்றிய பதிவேடு. வார்டன் பிரித்தார். முப்பத்தோரு வரிகள். தேதி இருந்தது. விருந்து வைத்தவர் என்ற இடத்தில் தலைவரின் கையெழுத்து முப்பத்தோரு தடவை சுழித்துச் சுழித்து இருந்தது. விருந்தாளி என்ற பத்தி முழுக்கக் காலி.

“அதை நிரப்பத்தான் தங்கினான்” என்றார் ஏட்டம்மா. “பட்டியல் உங்க அலுவலகத்துல பூட்டிக் கிடந்துச்சு. யாரையாவது கேட்டா இங்க இருக்கறது தெரிஞ்சிடும். மூணு நாள் மண்டையைப் போட்டு உடைச்சும் ஒரு பேர்கூட வரலை இந்தக் குடும்பத் தலைவருக்கு. பத்து மணிக்கு அலுவலகம் திறந்ததும் பட்டியலைப் பாத்து நிரப்பி, இவ கட்டிலுக்கு அடியில கிடைச்சதாக் கொண்டு வந்திருப்பான்.”

 வார்டன் அவசரமாக ஒரு தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

“நோட்டீஸை ரத்து பண்ணிடறேன்மா. மனசுல வச்சுக்காதே. ம்... உன் பேரு என்ன?”

மேசையில் கிடந்த நோட்டீஸில் ‘அறை 214, வெளிமாநில மாணவி’ என்றுதான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், வார்டனைப் பார்த்தாள். 

ஏட்டம்மா தன் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

“பாத்து எழுதிக்கோங்க சார்.”