ஒரு சோடி அட்டைக் காலுறை

"ஐயோ சுந்தரி! என்னடி பண்ணிட்ட?"

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த பை நழுவி, தக்காளிகள் உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடின.

சுந்தரிக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டுக் கிடைக்கும் என்றல்லவா அவள் காத்திருந்தாள்! வெள்ளைத் துணியில் இரண்டு காலுறைகளை வெட்டித் தைத்தும் முடித்திருந்தாள். தையல் கொஞ்சம் கோணல்தான். ஆனால் பத்து வயதுக்கு அது பெரிய வேலை.

நாளைக்குச் சனிக்கிழமை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வத்தேகமவிலிருந்து பஸ் பிடித்து நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குப் போகிறார்கள். ஒரு வாரமாக மழை. மழை பெய்தால் அந்தக் காட்டில் இரத்தம் உறிஞ்சும் அட்டைகளுக்குத் திருவிழா. அதனால் வகுப்பாசிரியர் அழகமுத்து சேர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை வேணும். வெள்ளையிலதான் அட்டை ஏறுறது கண்ணுக்குத் தெரியும். காலுறை இல்லாதவங்க பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்."

"அலுமாரியில இருந்த என் யூனிபோர்ம் துணியிலதாம்மா வெட்டினேன்" என்றாள் சுந்தரி.

"உன் துணியா? அது சகீனாவோடதுடி! திங்கட்கிழமைக்குத் தைச்சுத் தரச் சொல்லி அவ உம்மா காலையிலதான் கொடுத்துட்டுப் போனாங்க. உன்னோடது அடித்தட்டுல இருக்கு!"

சகீனா அவளுடைய உயிர்த்தோழி, ஒரே வகுப்பு. பாடசாலையில் எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் துணியைத்தான் கொடுக்கிறார்கள். பார்த்தால் யாருடையது என்று தெரியுமா? அம்மா ஊருக்கே தைத்துக் கொடுப்பவர் என்பதை அவள் அடியோடு மறந்துபோனாள்.

"என் துணிய அவளுக்குக் கொடுத்திடலாம்மா."

அம்மா தலையில் கை வைத்தார். "உன்னோடது ஒரு கவுனுக்குத்தான் பத்தும். அவளுக்குக் காற்சட்டை, நீளச் சட்டை, தலைக்குப் பர்தா மூணும் தைக்கணுமே!"

சுந்தரி அழவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு துணிகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

"அம்மா, அவ துணியில மிச்சம் இருக்கிறதுல சட்டையும் பர்தாவும். என் துணியில காற்சட்டை. பத்துமா?"

அம்மா அளவு நாடாவை எடுத்து இரண்டு முறை அளந்தார். "பத்தும். ஆனா உனக்கு?"

"பழைய கவுனோட மடிப்பைப் பிரிச்சு விடுங்க. இந்த வருசமும் அதையே போட்டுக்கிறேன்."

"சரி, சகீனாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்" என்றாள் சுந்தரி.

சகீனாவின் வீடு அடுத்த சந்தில். காலுறைகளையும் எடுத்துக்கொண்டு சுந்தரி அங்கே போனாள். விசயத்தைக் கேட்டதும் சகீனா வாயைப் பிளந்தாள்.

"என்ட துணியையா? கத்தரிக்கோலாலயா?"

"கத்தரிக்கோலாலதான்."

சுந்தரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சகீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றோடு சிநேகிதம் முடிந்தது என்றே சுந்தரி நினைத்தாள். பேச்சை மாற்றுவதற்காக, "நாளைக்கு உனக்குக் காலுறை இருக்கா?" என்று கேட்டுவைத்தாள்.

"இல்ல. வாப்பா கண்டிக் கடையெல்லாம் தேடிட்டாங்க. முடிஞ்சிட்டாம். நான் வாரல்லன்னு சேர்கிட்ட சொல்லிட்டேன்."

சுந்தரிக்குத் துணியை வெட்டியது கூட இவ்வளவு வலிக்கவில்லை. பஸ்ஸில் எந்த ஜன்னல் பக்கம் உட்காருவது என்பது வரை இரண்டு பேரும் சேர்ந்துதானே திட்டம் போட்டார்கள்! சகீனா இல்லாமல் ஒரு காடா?

சுந்தரி கையிலிருந்த காலுறைகளைப் பார்த்தாள். அவளுக்கும் காட்டைப் பார்க்க ஆசை, கொள்ளை ஆசை.

"இந்தா. உன் துணியில தைச்சது. உன்னோடதுதான்."

சகீனாவின் கையில் அவற்றைத் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

வெளியே சகீனா. காலில் அந்தக் கோணல் காலுறைகள். கையில் ஒரு பழைய வெள்ளைச் சாரன்.

"இது வாப்பா உடுத்துற சாரன். உனக்கும் ஒரு சோடி வெட்டு."

சுந்தரி திடுக்கிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"பயப்படாத" என்று சிரித்தாள் சகீனா. "நான் கேட்டுட்டுத்தான் எடுத்திட்டு வந்த!"