பெயர் சுரண்டிய பகல்

காலையில் இடிக்காமல் போன தள்ளுவண்டி மதியம் இடித்தது.

அதே வண்டி, அதே வழி. கப்பலின் கீழ்த்தளத்து நடைவழி அது. இருபுறமும் அறைக் கதவுகள், நடுவே ஒரு வண்டி போகிற அகலம். காலையில் கழற்றிய போர்வைகளை அள்ளிப் போட்டு அவள் தள்ளிக்கொண்டு வந்தபோது, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் உள்ளங்கை நுழைகிற இடைவெளி இருந்தது. இப்போது வண்டியின் இரும்பு விளிம்பு சுவரைக் கீறிக்கொண்டு, தகரத்தில் நகம் பட்டதுபோல் பல் கூசும் சத்தத்தோடு நின்றுவிட்டது. வண்டி பெருத்துவிட்டதா, சுவர் நெருங்கிவிட்டதா? சக்கரம் கோணியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்த மனசு முதலில் சக்கரத்தைத்தான் குறை சொல்லும், பாவம்.

அன்றைக்குக் கப்பலுக்குப் பெயரே இல்லை. பழைய முதலாளி விற்றாயிற்று, புது முதலாளி வாங்கியாயிற்று, உல்லாசப் பயணம் வந்தவர்களெல்லாம் இறங்கிப் போயாயிற்று. வெளியே பின்புறத்தில் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு 'வசந்தம்' என்ற பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பெயர் நாளைக்குத்தான். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் தேய்க்கிற மாதிரி அந்தச் சத்தம் இரும்புக்குள் ஊர்ந்து, ஜன்னலே இல்லாத இந்த நடைவழிக்குள்ளும் வந்து சேர்ந்தது. பகல் என்பதெல்லாம் வெளியேதான். இங்கே என்றைக்கும் குழல்விளக்கின் வெளுத்த வெளிச்சம்.

கடைசி அறையை அவள் காலையிலேயே காலி செய்திருந்தாள். மெத்தையில் உறைகூட இல்லை. இப்போது கதவைத் திறந்து பார்த்தால், அந்த வெறும் மெத்தையின் நடுவே ஒரு முயல் உட்கார்ந்திருந்தது.

துவாலை முயல். கப்பலில் அறை சுத்தம் செய்கிறவர்கள், பயணிகளின் பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று துவாலையை யானையாக, அன்னமாக, முயலாக மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் இது புகை குடித்துச் சாம்பல் நிறமாகிப்போன துவாலை. அதன் ஒரு காது நிமிர்ந்திருந்தது. ஒரு காது மடங்கியிருந்தது.

அப்படி மடிக்கிற கை இந்த உலகத்தில் ஒன்றுதான். அண்ணன் விடுமுறையில் வரும்போதெல்லாம் வீட்டிலிருந்த ஒரே நல்ல துவாலையை எடுத்து மடித்து அவள் தலையில் வைப்பான். "இந்தக் காது கேக்கறதுக்கு, வாலு. அந்தக் காது கேக்காத மாதிரி இருக்கறதுக்கு. கப்பல் வேலைக்கு ரெண்டும் வேணும்." வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவான். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவன் வேலை பார்த்த கப்பலுக்குப் பெயர் 'நிம்மதி'. அதில் ஒரு நடைவழி தீப்பிடித்தது என்று துறைமுகத்தில் அரசல்புரசலாகப் பேசிக்கொண்டார்கள். அண்ணன் வரவில்லை. உடம்பும் வரவில்லை. அம்மா கம்பெனி அலுவலக வாசலில் தவம் கிடந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நிம்மதின்னு ஒரு கப்பலே கிடையாதும்மா. இருக்கறது வசந்தம். நீங்க சொல்ற மாதிரி யாரும் எங்க கப்பல்ல இல்லையே."

"கப்பலுக்குத்தானேப்பா பேரு மாத்துனீங்க? என் புள்ளைக்கு மாத்தலையே!"

அவன் கண்ணாடியை இழுத்துச் சாத்திவிட்டான். அம்மா இன்றைக்கும் வீட்டுக் கதவைத் தாழ் போடுவதில்லை. செத்தான் என்று அழவும் முடியாமல், இருக்கிறான் என்று சிரிக்கவும் முடியாமல் ஒரு தாய் எத்தனை காலம் உட்கார்ந்திருப்பாள், சொல்லுங்கள் கண்ணுகளா? ஒரு சேதி, இல்லையென்றால் ஓர் எலும்பு, ஏதாவது ஒன்றை அம்மா மடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்காகத்தான் இவள் இந்தக் கப்பலில் வேலைக்கு வந்தாள். சாயங்கால வெயில் சரிந்து விழும்போது, 'வசந்தம்' என்ற பெயருக்கு அடியில் 'நிம்மதி' தழும்புபோல் மேடு தட்டித் தெரிந்ததை அவளே கரையில் நின்று பார்த்திருந்தாள். வேலையில் சேர்ந்த அன்று சூப்பர்வைசர், வேறு எவளோ விட்டுவிட்டுப் போன பெயர்ப்பட்டையை எடுத்துக் கொடுத்தார். "உனக்குன்னு தனியா அடிக்கணுமா? இதையே குத்திக்கோ." குத்திக்கொண்டாள்.

முயலைத் தொட்டாள். சூடாக இருந்தது.

நடைவழியில் பலகைகளை இழுத்துக்கொண்டு தச்சுமேஸ்திரி வந்தார். முதலாளிகள் மாறினார்கள், அவர் மட்டும் மாறவில்லை.

"நடை சின்னதாயிடுச்சு மேஸ்திரி."

"ஆகாம என்ன பண்ணும்? 'கடலரசி'யா இருந்தப்போ இதுல ரெண்டு வண்டி எதிரும் புதிருமா போகும். பணக்காரங்க பியானோ கேட்டுக்கிட்டே தூங்குவாங்க. அப்புறம் ஒருத்தன் வாங்கி 'தங்கமீன்'னு பேரு வச்சு சூதாட்டம் நடத்துனான். பழைய சுவத்தைப் பிரிச்சா செலவு, மேலயே ஒரு பலகை அடின்னான். அப்புறம் நிம்மதி, அப்புறம் வசந்தம். குளிக்காமலே சட்டை மேல சட்டை போட்டுக்கற கதைதான்."

அவள் நடைவழி முடிகிற முட்டுச்சுவரைக் காட்டினாள். "இதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"இன்னொரு சுவரு."

"அதுக்கும் பின்னால?"

"இன்னொரு முதலாளி." பல் போன வாயால் சிரித்தார்.

அப்போது தட்டியது. முட்டுச்சுவருக்குள்ளிருந்து. மெல்ல, பொறுமையாக, கை ஓய்ந்துபோனவன் தட்டுவதைப் போல.

சிரிப்பு அவர் வாயில் அப்படியே இருந்தது. கண் மட்டும் எங்கோ போய்விட்டது. "குழாய்" என்றார். "புதுசா மூடினா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் தட்டும். அப்புறம் பழகிடும்."

"இதை மூடி வருஷக்கணக்காச்சே. இன்னுமா பழகல?"

அவர் பலகையைச் சுவரில் சாய்த்தார். கருவிப்பெட்டியைத் தரையில் வைத்து, மூடியைத் திறந்தார். "பொழுது சாயறதுக்குள்ள இது மேல புதுப் பலகை ஏறணும்னு உத்தரவு. நான் சாப்பிட்டுட்டு வரேன்." பெட்டியையும் பார்க்காமல், அவளையும் பார்க்காமல் போனார்.

அவள் திருப்புளியை எடுத்தாள்.

முட்டுச்சுவராக நின்ற மஞ்சள் பூப்போட்ட பழைய பலகை, திருகாணிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று கம்பளத்தில் விழ விழ, நோயாளியைப் போல் முனகிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்தது. அதன் பின்னாலிருந்து அணைந்த அடுப்பின் வாடையும், பல வருஷம் திறக்காத பெட்டியின் வாடையும், அவற்றுக்கெல்லாம் அடியில் அண்ணன் தலைக்குத் தேய்க்கிற மலிவு எண்ணெயின் வாடையும் கலந்து, யாரோ நெருங்கி நின்று மூச்சு விட்டதுபோல் அவள் முகத்தில் பட்டது. பலகைக்குப் பின்னால் ஒரு கதவு, மேலிருந்து கீழ்வரை கருகிப்போய். கைப்பிடியில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அட்டை தொங்கியது. கதவின் குறுக்கே இரும்புப் பட்டை, மேலே ஒன்று, கீழே ஒன்று, முடுக்கியிருந்தார்கள்.

வெளியிலிருந்து.

தீப்பிடித்தபோது கதவைத் திறக்கவில்லை. முடுக்கியிருக்கிறார்கள்.

பட்டைகளைக் கழற்றினாள். தட்டல் நின்றது. வெளியே சுரண்டுகிற சத்தமும் நின்றது. கடைசி எழுத்தும் போய்விட்டது.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாய் பழகிய சொல்தான் வந்தது.

"அறை சுத்தம் பண்ணலாமா?"

கதவு திறந்தது.

புகை இல்லை. இருட்டு இல்லை. சிவப்புக் கம்பளம். இரண்டு வண்டி எதிரும் புதிருமாகப் போகிற அகலம். எங்கோ பியானோ. ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு வண்டி, ஓர் ஆள். ஒருவன் சட்டையில் கடலரசி. ஒருத்தி சட்டையில் தங்கமீன். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். மடித்தார்கள். பிரித்தார்கள். மடித்தார்கள். முதல் வண்டியருகே நின்றவனின் முதுகு அவளுக்குத் தெரிந்த முதுகு. அவள் உள்ளே போனாள்.

"அண்ணா."

கைகள் நின்றன. திரும்பினான். அதே முகம். விரல்கள்தான் நுனியில் தேய்ந்திருந்தன. தட்டித் தட்டி.

"நான்தான்ணா. வாலு. அம்மா கதவைத் திறந்துதான் வச்சிருக்காங்க. வாண்ணா, போயிடலாம்."

அவன் குனிந்தான். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரை உதடசைத்துப் படித்தான். பயணிகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தான்.

"நீங்க சொல்ற மாதிரி யாரும் எங்க கப்பல்ல இல்லையே."

ஒரு துவாலையை அவள் கையில் வைத்தான்.

முதுகுக்குப் பின்னால், வாசலை அடைத்துக்கொண்டு புதுப் பலகை வந்து மோதியது. ஓடினாள். கதவு இருந்தது, வழி இல்லை. பலகையில் அறைந்தாள்.

வெளியே சூப்பர்வைசரின் குரல். "என்ன மேஸ்திரி சத்தம் அது?"

"மேஸ்திரி! நான்தான்! மேஸ்திரி!"

பலகைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். அவருடைய மூச்சிரைப்புகூடக் கேட்டது.

"குழாய் சார். புதுசா மூடினா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் தட்டும்."

முதல் திருகாணியின் முனை, பளபளவென்று, அவள் கண்ணுக்கு நேரே வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. தலைக்கு மேலே. காலடியில். கத்தினாள். இன்னொன்று. அவளுக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. ஒரு வண்டியின் சக்கரம் உருண்டது. அவளுக்காக ஒரு வாசலில் வந்து நின்றது.

வாய் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

கைகள் மடித்துக்கொண்டிருந்தன. ஒரு காது நிமிர்ந்தது. மற்றதை விரல்கள் மெல்ல மடக்கின.