முப்பத்திரண்டு பாட்டில் பூண்டு

அலமாரியின் இரண்டாம் தட்டில், ஓரத்தில் இருந்த பாட்டிலின் தகர மூடி மட்டும் மேலே உப்பியிருந்தது. கௌசிகா விரலால் அழுத்தினாள். டிக் என்று உள்ளே போயிற்று. விரலை எடுத்ததும் டிக் என்று மறுபடி எழும்பிற்று. மற்ற முப்பத்தொன்றும் புத்தகத்துப் படத்தில் இருந்ததைப் போலவே மூடி குழிந்து சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

புத்தகங்களை நம்பித்தான் குடும்பமே மலையேறியிருந்தது. கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பும் சொந்த வீடும் இருக்க, கடைக்கே போகாமல் வாழச் சொல்லித்தரும் நான்கு தடிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அவளும் கணவன் பூபதிராஜாவும் ஆறு வயது மகள் யாழினியோடு வட்டவடைக்கு வந்து ஒன்பது மாதம். சோப்புக் காய்ச்சினார்கள், கைத்தோல் உரிந்தது. கோழி வளர்த்தார்கள், கீரிக்கு விருந்தாயிற்று. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பூண்டு ஒன்றுதான் புத்தகத்தில் உள்ளபடி அச்சாக வந்தது. உரித்த பூண்டை எண்ணெயில் முக்கி, காற்றுப் புகாமல் மூடி, கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் பாட்டிலோடு நிறுத்தியெடுத்தால் இரண்டு வருஷம் கெடாது என்று போட்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்தினாள், ஒரு நிமிஷம் பிசகவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக் கற்பகம் அன்றைக்கே அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அவர்கள் ஊரில் பூண்டைத் தண்டோடு கட்டி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். வருஷம் முழுக்க அப்படியே கிடக்கும்.

"இந்த மலையில தண்ணி சுடுறதுக்கு முந்தியே கொதிச்சிரும்மா," என்றாள். "பருப்பு வேகவே ரெண்டு மடங்கு நேரமாகுது. கீழ உக்காந்து எழுதுனவருக்கு அது எப்படித் தெரியும்?"

புகை நாற்றமடிக்கும் பூண்டை யார் தின்பது என்று கௌசிகா நினைத்துக்கொண்டாள். புத்தகத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்றும் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புதான் அவளைக் கெடுத்தது, பாவம்.

உப்பிய பாட்டிலைத் திருகித் திறந்தபோது புஸ்ஸென்று ஒரு மூச்சு வெளியே வந்தது. முகர்ந்தாள். பூண்டும் நல்லெண்ணெயும் மணந்ததே தவிர வேறு ஒரு வாடையும் இல்லை. ஊறுகாய் கெட்டுவிட்டதா என்பதை அவள் பிறந்த வீட்டில் எப்போதும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒரு பல்லை எடுத்து வாயில் போட்டாள், வெண்ணெயாகக் கரைந்தது. இன்னொன்றும் போட்டாள். நன்றாகத்தானே இருக்கிறது என்று, முதலில் இதைத் தீர்த்துவிடலாமென அடுப்பு மேடையில் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் மத்தியானம், மஞ்சு என்று அங்கே சொல்லும் மூடுபனி இறங்கியது. மலைச்சரிவின் கேரட் பாத்திகளை ஒவ்வொன்றாக விழுங்கி, வேலியைத் தாண்டி, சன்னல் இடுக்கு வழியாக ஈரமண்ணும் அழுகிய கோஸ் இலையும் கலந்த வாடையோடு வீட்டுக்குள் புகுந்து, சாமி படத்து விளக்கைக்கூட மங்கலாக்கியது. கௌசிகா கண்ணைக் கசக்கினாள். மஞ்சுதான் என்று நினைத்தாள். வாசலில் யாழினி நின்றாள். அவளை ஒட்டி, அதே சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இன்னொரு யாழினி நின்றாள்.

"ஏனுங்க," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "பாப்பா ரெண்டாத் தெரியறாளுங்க."

தன் குரல் மூக்கு வழியாக வருவது அவளுக்கே கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூபதிராஜா கொடுத்த தண்ணீர் தொண்டையில் இறங்காமல் மூக்கால் திரும்பி வந்தது. அவன் பயந்துவிட்டான். அடுப்படியிலேயே பாய் போட்டு அவளைப் படுக்கவைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினான். கற்பகம் வீடும் பூட்டிக் கிடந்தது, கோவிலூருக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள்.

இமை தானாகக் கீழே இறங்கியது. தலையைப் பின்னால் சாய்த்தால் கொஞ்சம் தெரிந்தது. மேடைமேல் பாட்டில். எண்ணெய்க்குள் பூண்டுப் பல்லின் மேலிருந்து ஒரு குமிழி புறப்பட்டு, அவசரமில்லாமல் மேலே ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. உள்ளே ஏதோ மூச்சுவிட்டது. தண்ணி சுடுறதுக்கு முந்தியே கொதிச்சிரும்மா. கொதித்தது, குமிழியிட்டது, ஆவி பறந்தது. ஆனால் உள்ளே சாக வேண்டிய கிருமி சாகவில்லை.

அலமாரியில் டிக் என்றது.

சிறிது நேரம் கழித்து இன்னொரு டிக்.

பாட்டிலைத் தட்டிவிட வேண்டும். எழுந்தாள். எழவில்லை. கையை நீட்டினாள். கை பாயிலேயே கிடந்தது, வேறு யாருடைய கையையோ போல.

பூபதிராஜா மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். வழியில் மரம் விழுந்து கிடக்கிறதாம். அதை அறுத்துத் தள்ளியதும் வண்டியோடு வருவதாக ஜீப்காரத் தங்கதுரை சொன்னானாம், ஒரு மணி நேரம் ஆகுமாம். அவள் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னான். நல்ல மனுஷன்.

இமை முழுக்க மூடிவிட்டது. இருட்டு. ஆனால் காது திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

"பாப்பா வெறும் வயித்தோட ஜீப்புல வந்தா வாந்தி எடுப்பா, கௌசி," என்றான். "ரெண்டு வாய் சோறு ஊட்டிடறேன். நீ பயப்படாத கண்ணு."

தட்டு எடுக்கும் சத்தம். பானை மூடி. சோறு போடும் கரண்டி.

குழம்பு வைக்கவில்லை. காலையில் சோறு மட்டும் வடித்தாள், வேறு எதுவும் வைக்கவில்லை.

பாட்டில் மூடி திருகும் சத்தம்.

வேண்டாம் என்றாள். உதடு அசையவில்லை. வேண்டாம் என்று அலறினாள். மூச்சு மட்டும் மெதுவாக வந்தது, முன்பைவிடக் குறைவாக.

"அம்மா செஞ்ச பூண்டு, பாப்பா. சோத்துல பெசஞ்சா வெண்ணெயாட்டம் இருக்கும். ஆ காட்டு சாமி."

எண்ணெய் சோற்றில் விழுந்தது. பிசையும் சத்தம். யாழினி வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள். ஒவ்வொன்றும் கேட்டது. காரமே இல்லப்பா, இன்னொண்ணு குடு என்றாள். அவன் கொடுத்தான். தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டான்.

சின்னப் பாதங்கள் பாயருகே வந்தன. முழங்கால் தரையில் ஊன்றியது. அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து, யாழினி சத்தமில்லாமல் குனிந்து, கௌசிகாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். உதடு எண்ணெயாக வழுக்கியது. சூடான அந்த மூச்சு முழுக்கப் பூண்டு மணந்தது.