ஒரு கல் கொதிக்கிறது

டெலிபோன் அலறியது.

செவ்வாய்க்கிழமை. காலை எட்டு ஐம்பது. ஸ்டேசனுக்குள் அப்போதுதான் நுழைந்திருந்த எஸ்.ஐ. நிரஞ்சனி ரிசீவரை எடுத்தாள்.

"மிஸ்... நான் மக்கீன். டவுன்ல மிளகு, கராம்பு யாவாரம் செய்ற மக்கீன். என்ட தம்பி பவாஸ் மௌத்தாகிட்டாரு."

"எப்படி?"

"தேத்தண்ணியில நஞ்சு. போட்டவளப் பிடிச்சு வெச்சிருக்கேன். ஜீப்பை அனுப்புங்க."

லைன் துண்டானது.

பிணம், நஞ்சு, குற்றவாளி... எல்லாமே ஒரே போன் அழைப்பில்.

இவ்வளவு சுலபமான கேஸ் நிரஞ்சனியின் ஒன்பது வருட சேவையில் வந்ததில்லை. அதனாலேயே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

* * *

முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டி மேட்டில் ஏறினால் அந்த இரண்டு மாடி வீடு. வாசலில் முப்பது பேர்.

ஹாலில் நுழைந்தவள் ஒரு நொடி நின்றாள்.

கடல்.

ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. நீல வெளிச்சம். உள்ளே உயிருள்ள பவளப் பாறைகள், அசைந்தாடும் ஆரஞ்சு மீன்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிற ஊரில், ஒரு மனிதன் கடலை வாங்கி வீட்டில் வைத்திருந்தான்.

அந்த மனிதன் சமையலறைக்குப் பக்கத்து அறையில் கிடந்தான். ஐம்பத்து நாலு வயது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், குப்புற. கையில் போன். கட்டிலருகே பிளாஸ்க். பாதி குடித்த கோப்பை.

மனைவி மஸீஹாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

"ஏழு ஐம்பதுக்கு எனக்கு கோல் எடுத்தாரு" என்றார் மக்கீன். கண்கள் சிவந்திருந்தன. "'மக்கீன் நானா, இலட்சுமி ஊத்தி வெச்ச தேத்தண்ணி கசக்குது... நெஞ்சை அடைக்குது'ன்னாரு. அவ்வளவுதான் மிஸ். ஏற்கனவே நெஞ்சு வருத்தக்காரன்."

"இலட்சுமி யாரு?"

"சமையல்காரி."

அவள் பின்முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். உடுப்புக் காயப்போடும் கயிற்றால் கையைக் கட்டியிருந்தார்கள். நிரஞ்சனி குனிந்து முடிச்சை அவிழ்த்தாள்.

"சொல்லுங்க அக்கா."

"ஆறு மணிக்கு இஞ்சி போட்டு பிளாஸ்க்ல ஊத்தி வெச்சேன் மிஸ். அதே தேத்தண்ணியத்தான் நானும் குடிச்சேன். அப்புறம் மஸீஹா நோனா தேங்காயும் மீனும் வாங்கியாரச் சொல்லி அனுப்பிட்டாங்க. எட்டரைக்கு வந்து பார்த்தா மொதலாளி தரையில. நோனா வெளிய நின்னு இருமிக்கிட்டு இருக்காங்க."

"எந்த ஊரு?"

"ரத்தோட்டைப் பக்கம் மிஸ். தோட்டம்."

ரத்தோட்டை ரோட்டிலேயே ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான் நிரஞ்சனி பிறந்தாள். அதை அவள் சொல்லவில்லை.

சமையலறை. ஜன்னல்கள் அகலத் திறந்திருந்தன. அடுப்பில் ஒரு பிரியாணிச் சட்டி. குனிந்து பார்த்தாள்.

உள்ளே ஒரு கல்!

தேங்காயளவு இருந்தது. அதன் மேலெல்லாம் சட்டைப் பட்டன் மாதிரி பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டி, வெந்து, கொழகொழத்துக் கிடந்தது. தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது.

"இது என்னக்கா?"

"தொட்டிக் கல்லு மிஸ். இந்தப் பட்டன் சனியன் பரவி மத்ததையெல்லாம் கொல்லுதுன்னு மொதலாளி மூணு மாசமா பொலம்பினாரு. இதை ஏன் அடுப்புல வெச்சாங்கன்னு தெரியல்ல. வந்த சனம்தான் நாத்தம்னு ஜன்னலைத் திறந்து அடுப்பை அணைச்சுச்சு."

நிரஞ்சனி நிமிர்ந்தாள். நாக்கில் ஏதோ லேசாகக் கசந்தது.

* * *

பொறுப்பதிகாரி சிங்களத்தில் சுருக்கமாக முடித்தார்.

"சமையல்காரி நஞ்சு வெச்சிருக்கா. நாளைக்கு ஒன்பதரைக்கு நீதவான் முன்னால நிறுத்து."

"தேத்தண்ணி ரிப்போர்ட் வரல்லையே சேர்."

"கொழும்புல இருந்து வர ஆறு கிழமை ஆகும். அதுவரைக்கும் ரிமாண்ட்ல இருக்கட்டும்."

ஆறு கிழமை, ஒன்றரை மாசம்... தோட்டத்துப் பெண்ணுக்காக எந்த லோயர் வரப் போகிறார்?

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தாள் நிரஞ்சனி. முதல் பிடி கசந்தது. பருப்பு கசந்தது. தண்ணீர் கூடக் கசந்தது.

கை பாதியில் நின்றது.

பவாஸுக்கும் கசந்திருக்கிறது. அவர் தேத்தண்ணி குடித்தார். ஆனால் அவள் அந்த வீட்டில் எதையுமே குடிக்கவில்லையே...

சட்டிக்கு மேல் குனிந்தாள். அவ்வளவுதான்!

கான்ஸ்டபிளை அனுப்பிச் சமையலறையைப் பூட்ட வைத்தாள். தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்து ஒரு நம்பரும் வந்து சேர்ந்தது. ஷிஹாம். கண்டி. கடல் மீன் தொட்டி பராமரிப்பு.

விஷயத்தைக் கேட்டதும் ஷிஹாமின் குரல் இறங்கியது.

"கொதிக்க வெச்சாங்களா? யாரு மேடம் அந்த வேலையைச் செஞ்சது?"

"ஏன்?"

"அந்தப் பட்டனெல்லாம் பூவோ பாசியோ இல்ல மேடம், உசிரு. உள்ளுக்குள்ள பொல்லாத நஞ்சு வெச்சிருக்கு. தண்ணிக்குள்ள சும்மாதான் இருக்கும். கொதிச்சா ஆவியோட ஏறி வரும். மூச்சுல போனா வாய் கசக்கும், நடுங்கும், நெஞ்சை அடைக்கும்."

"பவாஸுக்கு இது தெரியுமா?"

"மூணு கிழமைக்கு முந்தி வொய்ஸ் மெசேஜே போட்டேன். கல்லோட எடுத்துப் பையில கட்டி வீசுங்க, சுடுதண்ணி மட்டும் காட்டாதீங்கன்னு. சரின்னு பதிலும் போட்டாரு."

தெரிந்த மனிதன் ஏன் அதைத் தன் வீட்டுக்குள்ளேயே கொதிக்க வைத்தான்?

"நாளைக்குக் காலையில ஏழரைக்கு ஸ்டேசன்ல இருங்க" என்றாள் நிரஞ்சனி.

* * *

மாலை நாலு மணி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஸீஹா. மூக்கில் ஒக்சிஜன் குழாய்.

"தேத்தண்ணியிலதான் ஏதோ மிஸ்..." என்றாள் மெல்ல. "அவள் இப்பிடிச் செய்வான்னு நெனைக்கவே இல்ல."

"அடுப்புல இருந்த கல்லு?"

மஸீஹாவின் கண்கள் முழுசாகத் திறந்தன. பிறகு தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

பவாஸ் அனுப்பிய மெசேஜ். திங்கட்கிழமை காலை 6.12.

'கல்லு வாளியில இருக்கு. பெரிய சட்டியில போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்க வை. நாத்தம் வெளிய போகாம ஜன்னலை எல்லாம் பூட்டு. இலட்சுமிகிட்ட குடுக்காதே. நீயே பக்கத்துல நின்னு செய். நான் தம்புள்ளைக்குப் போறேன்.'

நிரஞ்சனி இரண்டு தரம் வாசித்தாள்.

"நேத்து செய்யல்லையா?"

"தலைவலி மிஸ். வந்து ஏசினாரு. அதான் இன்னைக்குக் காலையில, இலட்சுமியைக் கடைக்கு அனுப்பிட்டு வெச்சேன். இருமல் வந்திச்சு. தாங்காம வெளிய ஓடிட்டேன். அவர் உள்ளுக்குத் தூங்கிட்டு இருந்தாரு."

"ரெண்டு பேருக்கும் ஏதும் சண்டையா?"

"இந்த வீடு வாப்பா எனக்குச் சீதனமா குடுத்தது. வித்துட்டுக் கொழும்புக்குப் போவோம்னாரு. நான் கையெழுத்து வைக்கல்ல." குழாய்க்குள் மூச்சு சீறியது. "புள்ளைகளும் இல்ல. நான் மௌத்தானா பாதி அவருக்கு."

பெண்டாட்டிக்கு வைத்த பொறி... வைத்தவனே மாட்டிக்கொண்டான்.

நிரஞ்சனி அவள் தோளில் கை வைத்தாள். இரக்கமாக இருந்தது. ஆண்டவன் சில நேரம் கணக்காகத்தான் செய்கிறான் என்று கூடத் தோன்றியது.

* * *

புதன்கிழமை. ஏழு இருபத்தைந்துக்கே ஷிஹாம் வந்துவிட்டான்.

போனில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னான். வொய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினான். நிரஞ்சனி எழுதி முடித்தாள். இலட்சுமியை விடச் சொல்லி ஆள் அனுப்பினாள். விபத்து என்று ஃபைலை மூடிவிடலாம்.

"கையெழுத்து வைங்க."

ஷிஹாம் பேனாவை எடுத்தான். தயங்கினான்.

"மேடம், ஒண்ணு மட்டும் விளங்கல்ல. நோனாதான் வெச்சாங்கன்னு சொல்றீங்க, ஏன் அதை அடுப்புல வெச்சாங்க? அவங்ககிட்டயும் சொன்னேனே."

"என்ன சொன்னீங்க? எப்போ?"

"திங்கக்கிழமை பதினொரு மணிக்கு எடுத்தாங்க. 'இந்தக் கல்லை கொதிக்க வெச்சா என்ன ஆகும்'னு கேட்டாங்க. ஆள் செத்தே போகலாம் நோனான்னு சொன்னேன். மூணு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. எவ்வளவு நேரம் எடுக்கும்னும் கேட்டாங்க. பயத்துல கேக்குறாங்கன்னு நெனைச்சேன்."

போனைக் காட்டினான். ஏழு நிமிடப் பேச்சு.

நிரஞ்சனி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு தாளை எடுத்தாள்.

எழுதாமல் விட்டிருக்கலாம். விடத்தான் நினைத்தாள். ஆனால் லொக்கப் கதவு திறந்த சத்தம் கேட்டது. இலட்சுமி வெளியே வந்தாள். ஒரு ராத்திரியில் பத்து வயது கூடியிருந்தது.

"வீட்டுக்குப் போங்க அக்கா. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"நஞ்சு வெச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க மிஸ். இனி எந்த வீட்டுல என்னைய அடுப்புகிட்ட விடுவாங்க?"

நிரஞ்சனி தாளில் எழுதத் தொடங்கினாள்.

* * *

மஸீஹா வீட்டுக்குப் போகத் தயாராக, முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒக்சிஜன் குழாய் இல்லை.

"ஷிஹாம் வந்தாரு" என்றாள் நிரஞ்சனி.

மஸீஹா பொய் சொல்ல முயலவில்லை.

"எட்டு வருஷமா அந்தத் தொட்டிப் பக்கம் போக விடாத மனுஷன்... திடீர்னு ஒரு கல்லைக் கையில குடுத்தாரு. சந்தேகம் வராதா மிஸ்?"

"ஸ்டேசனுக்கு வந்திருக்கலாம்."

"வந்து? புருஷன் கல்லு அவிக்கச் சொல்றாருன்னு என்ட்ரி போடவா? சிரிச்சிருப்பீங்க."

சிரித்திருப்பார்கள். முதல் ஆளாகப் பொறுப்பதிகாரி. நிரஞ்சனிக்கு அது நன்றாகவே தெரியும்.

"அதைக் கோர்ட்டுல சொல்லுங்க. கேக்க ஆள் இருக்கும். ஆனா இலட்சுமி?"

"அவளைக் கடைக்கு அனுப்பிக் காப்பாத்தினது நான்தான்."

"காப்பாத்தி மக்கீன் கையில குடுத்தீங்க. அவ லொக்கப்புல இருக்கிறது உங்களுக்குத் தெரியும். நேத்து மக்கீன் இங்க வந்து அரை மணித்தியாலம் பேசினாராம், நர்ஸ் சொன்னா. கல்லுன்னு நான் வாயைத் திறக்கிற வரைக்கும் நீங்க தேத்தண்ணின்னுதான் சொன்னீங்க."

மஸீஹா தன் கைகளைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இல்லை.

"இருபத்திரெண்டு வருஷம் மிஸ். கொதிக்க வைன்னாரு, வெச்சேன். ஜன்னலைப் பூட்டுன்னாரு, பூட்டினேன். அவர் சொன்னதுக்கு மேல நான் ஒண்ணுமே செய்யல்ல."

நிரஞ்சனி கட்டிலைச் சுற்றியிருந்த திரையை விலக்கினாள்.

"நல்ல பழக்கம். அதை விட்டுடாதீங்க... ஜீப்புல ஏறுங்கன்னு இப்ப நான் சொல்றேன்."