விடியலில் ஒரு கடிவாளம்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், சொல்பவனுக்குக் காசிமேட்டு மீன் ஆயுசுக்கும் கிடைக்காமல் போகட்டும்.

தாஹிரா குதிரைப் பயிற்சிச் சாமான்களைக் கொருக்குப்பேட்டையிலிருந்து இணையத்தில் விற்பவள். கணவர் முபாஷிர் மவுத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருடம். போன வாரம் எழிலன் என்பவனை வைத்துக் கடையின் இணையதளத்தைப் புதுப்பித்தாள். பிடித்தது பேஜாரு. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் லட்சுமணனைத் தேடி ஓடிவந்தாள்.

"விடியக்காலைல ஆர்டர் வருதுண்ணே. ஒரு கடிவாளம். வாங்குறவர் பேரு எங்க வூட்டுக்காரர் பேரு! பேக்கிங் பொண்ணுங்க பயந்து நின்னுட்டாங்க. நாளைக்கும் வந்தா கடைய மூடிருவேன். அப்புறம் எம்பொண்ணுக்குச் சோறு?"

லட்சுமணனின் கூட்டாளி, ஆட்டோக்கார அன்பரசன் ஒரு அடி பின்னால் போனான். "சார், இது கேஸு இல்ல, காத்து கருப்பு மேட்டரு. மந்திரிச்சிக்கினு வந்துருவோம்."

"சும்மா இரு. தினமும் வருதாம்மா?"

"முந்தாநேத்து வரல. அன்னிக்கு இருட்டோடயே ஊட்டிக்காரர் ஒருத்தர் சேணம் வாங்கிட்டாரு."

மூவரும் அவள் கிடங்குக்குப் போனார்கள். எழிலன் அங்கே காத்திருந்தான். கூட்ஸ் வண்டி கடந்தபோது சுவரில் தொங்கிய கடிவாளங்கள் எல்லாம் குலுங்கின. கண்ணுக்குத் தெரியாத குதிரைகள் அவற்றை மென்றுகொண்டிருப்பதுபோல. அன்பரசன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

லட்சுமணன் நிதானமாகக் கேட்டார். "முன்னாடி இங்க நேர்ல யாவாரம் பண்ணப்போ, காலைல போணி ஆகலேன்னா முபாஷிர் என்ன செய்வார்?"

"அவரே காசு போட்டு ஒரு கடிவாளம் வாங்கிக்குவாரு. அப்புறம் அதையே திரும்ப மாட்டிருவாரு."

"அதேதான்! பழைய தளத்துலயும் அதையே ஏற்பாடு பண்ணிட்டார். விடியறதுக்குள்ள யாரும் வாங்கலேன்னா, தளமே அவர் பேர்ல வாங்கும்; உடனே ரத்தும் பண்ணிக்கும். அதனால உன் கண்ணுல படல. புதுப்பிச்சப்போ வாங்குறது வந்துருச்சு, ரத்து விட்டுப்போச்சு. முந்தாநேத்து ஊட்டிக்காரர் போணி பண்ணிட்டார், முபாஷிர் பேர்ல ஆர்டர் வரல. என்ன எழிலா?"

எழிலன் வாயைத் திறந்தான். லட்சுமணனின் செருப்பு அவன் காலை அழுத்தியது. "ஆமா சார்," என்றான்.

"அட, இவ்ளோதானா மாமு!" என்று எழிலனிடம் சொல்லிக்கொண்டே அன்பரசன் துணிந்து உள்ளே வந்தான்.

தாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத எடுத்துராத தம்பி. போணி அவரே பண்ணட்டும்." பேக்கிங் பெண்களை வேலைக்கு வரச்சொல்லி போன் போட்டாள்.

பழைய தளத்தையும் எழிலன்தான் செய்திருந்தான்; அதிலும் சரி, புதியதிலும் சரி, தானாக எதையும் வாங்கும் ஏற்பாடு கிடையாது.